கழுத்துக்கறியும் உருளைக்கிழங்கும்: ஐரிஷ் ஸ்டூ வேகும் விதம்

முட்டையைச் சூடாக்கினால் கெட்டியாகிறது. இறாலைக் கொஞ்சம் கூடுதலாக அடுப்பில் விட்டால் ரப்பராகிவிடுகிறது. ஆட்டின் முதுகுக்கறியை அளவுக்கு மீறி வாட்டினால் மெல்ல முடிவதில்லை. மூன்றும் புரதம். சூடு பட்டால் புரதம் இறுகும் என்று இதை வைத்து யாரும் முடிவு கட்டிவிடலாம். ஆனால் அதே ஆட்டின் கழுத்துப் பகுதியைத் தண்ணீரில் போட்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வைத்துப் பாருங்கள். முதல் முக்கால் மணி நேரம் கத்தி இறங்காது. நேரம் ஆக ஆக இளகுகிறது. கடைசியில் கரண்டி பட்டாலே எலும்பை விட்டுக் கழன்று வருகிறது. ஒன்றை இறுக்கும் நெருப்பு இன்னொன்றை எப்படி இளக்குகிறது?

அயர்லாந்தின் வீட்டுச் சமையல் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் ஐரிஷ் ஸ்டூ, முழுக்க முழுக்க இந்தக் கேள்வியின் மீது நிற்கும் உணவு. அதன் பழைய வடிவத்தில் இருப்பவை ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தண்ணீர். உப்பும் மிளகும் தவிர மசாலா கிடையாது. கறியைத் தாளிப்பதோ வறுப்பதோ இல்லை. சாறு கெட்டிப்பட மாவு கரைத்து ஊற்றுவதும் இல்லை. கம்பளிக்கும் பாலுக்கும் வளர்த்த செம்மறி ஆடு பயன் தந்து முடிந்த பிறகுதான் பானைக்கு வந்தது. ஆகவே அது முற்றிய கறி, அதிலும் மலிவான கழுத்துப் பகுதி. சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய பீட் கட்டிகள் கனன்று எரியும் அடுப்பின் மேல் இரும்புப் பானையைத் தொங்கவிட்டுப் பொறுமையாக வேகவைத்தார்கள். காரட் சேர்க்கலாமா என்று அங்கே இன்றும் வாதம் நடக்கிறது. கார்க் மாவட்டத்தின் பாலிமலூ இல்லத்தில் மர்ட்டில் ஆலன் சமைத்துப் புகழ்பெற்ற ஸ்டூவில் காரட் உண்டு. அது சேர்ந்தால் ஐரிஷ் ஸ்டூவே இல்லை என்பவர்களும் உண்டு. என் கட்சி காரட் வேண்டாம் என்பதுதான். நான்கே பொருட்களில் இவ்வளவு சுவை எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்க அதுவே நல்ல வழி.

கறியில் இரண்டு விதமான புரதங்கள் இருக்கின்றன. சுருங்கி விரிந்து வேலை செய்யும் தசை இழைகள் ஒன்று. அந்த இழைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துப் பிடித்து எலும்போடு இணைக்கும் உறைகளும் நாண்களும் இன்னொன்று. நம் வீடுகளில் சவ்வு என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். மேயும் ஆடு நாள் முழுக்கத் தலையைத் தாழ்த்துகிறது, தூக்குகிறது. அந்தப் பாரத்தைச் சுமக்கும் கழுத்தில் சவ்வு அதிகம். அதிகம் உழைக்காத முதுகுத் தசையில் குறைவு. சவ்வின் முக்கியப் பொருள் கொலாஜன் என்ற புரதம். பாலூட்டிகளின் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் கால் பங்குக்கு மேல் இதுதான். தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கிறது.

கொலாஜனின் வடிவத்தைப் புரிந்துகொள்ளத் தேங்காய் நார்க் கயிறு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் போதும். மூன்று புரி இருக்கும். ஒவ்வொரு புரியும் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டு, மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கமாக முறுக்கப்பட்டிருக்கும். அந்த எதிர்முறுக்கால்தான் இழுக்க இழுக்கப் பிரியாமல் இறுகுகிறது. கொலாஜன் மூலக்கூறும் அதே அமைப்புதான். ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கோத்த மூன்று சங்கிலிகள். ஒவ்வொன்றும் இடப்பக்கமாகச் சுருண்டு, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. ஒரு கயிற்றின் நீளம் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். இதை முச்சுருள் என்கிறோம்.

கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத இந்தக் கயிற்றில் மூன்று புரி என்று எப்படித் தெரிந்தது? விடை சென்னையில் கிடைத்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பது. அங்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்கு அதுவரை முன்மொழியப்பட்ட எந்த வடிவமும் திருப்தியாக இல்லை என்று அவரிடம் சொன்னார். அமெரிக்காவின் லைனஸ் பாலிங் 1951இல் சொன்ன வடிவமும் பொருந்தவில்லை. ராமச்சந்திரனும் அவருடைய சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணை எடுத்துக்கொண்டார்கள். அதில் கொலாஜன் தூய்மையாக, ஒரே திசையில் அடுக்கி இருந்தது.

அந்த நாணின் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால், ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் அணுக்களின் மேல் பட்டு அது குறிப்பிட்ட திசைகளில் மட்டும் சிதறும். பின்னால் வைத்த படச்சுருளில் புள்ளிகளும் வளைவுகளும் விழும். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால் உள்ளே அணுக்கள் என்ன இடைவெளியில் திரும்ப வருகின்றன என்று கணக்கிடலாம். ஒவ்வொரு அமினோ அமிலமும் கயிற்றின் நீளத்தில் 0.29 நானோமீட்டர் இடம் பிடிக்கிறது என்பது இப்படித் தெரிந்ததுதான். கூடவே வேதியியலாளர்கள் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு தகவலும் உதவியது: கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. மூன்று சங்கிலிகள் நெருக்கமாக முறுக்கிக்கொண்டால் நடுவில் இடமே இருக்காது. கிளைசின் மட்டும்தான் அங்கே பொருந்தும். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வந்தால் கணக்கு சரியாகிவிடுகிறது. 1954இல் நேச்சர் இதழில் முச்சுருள் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் அவர்களே அதை மேலும் முறுக்கிய வடிவமாகத் திருத்தினார்கள். கேம்பிரிட்ஜில் ரிச், கிரிக் என்ற ஆய்வாளர்கள் சங்கிலிகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை குறித்து மாற்றம் சொன்னார்கள். மூன்று புரி என்ற அடிப்படை மட்டும் அசையவில்லை. பதப்படுத்திய தோலும் கொலாஜன்தான் என்பதால், அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கத்துக்கு முச்சுருள் என்ற பொருளில் டிரிப்பிள் ஹீலிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சமையல் புத்தகங்களிலும் ராமச்சந்திரன் பெயர் வர வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது பானைக்கு வருவோம். தண்ணீர் சூடேறும்போது 50 டிகிரி செல்சியஸ் வாக்கில் தசை இழைப் புரதங்கள் உறையத் தொடங்குகின்றன. முட்டையில் நடப்பதும் இதுதான். 60 முதல் 65 டிகிரியில் கொலாஜன் கயிற்றின் முறுக்கு தளர்கிறது. இழுத்துப் பிடித்திருந்த வடிவம் போனதும் அது இளகுவதற்குப் பதில் முதலில் வெகுவாகச் சுருங்குகிறது. தனி நாணாக இருந்தால் பழைய நீளத்தில் மூன்றில் ஒரு பங்காகக்கூட ஆகிவிடும். தசைக் கட்டுகளைச் சுற்றியிருக்கும் உறை சுருங்கினால் உள்ளே இருக்கும் நீர் பிழிந்து வெளியேறும். கத்தி இறங்காத அந்த முக்கால் மணி நேரம் இதுதான். ஸ்டூ செய்பவர்கள் மனம் தளர்ந்துபோகும் கட்டமும் இதுவே. கறி சரியில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

70 டிகிரிக்கு மேல் சூடு தொடரும்போது பிரிந்த புரிகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கரைகின்றன. கரைந்த கொலாஜனுக்கு ஜெலட்டின் என்று பெயர். இது சட்டென்று நடப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துக் கயிறுகளை இணைக்கும் குறுக்குப் பிணைப்புகளும் இருக்கின்றன. ஆட்டுக்கு வயது ஏற ஏற, சூட்டுக்கு அசையாத பிணைப்புகள் கூடுகின்றன. அதனால்தான் குட்டியின் கறி ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிட, கிழ ஆட்டுக்கு மூன்று மணி நேரம் தேவைப்படுகிறது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. மூன்று மணி நேரம் வெந்த கழுத்துக்கறியின் தசை இழைகளும் முதுகுக்கறியைப் போலவே இறுகி வறண்டுதான் இருக்கின்றன. சூடு அவற்றுக்குச் சலுகை காட்டவில்லை. இழைகளைச் சேர்த்துப் பிடித்திருந்த சவ்வு கரைந்துவிட்டதால் அவை உதிர்கின்றன. கரைந்த ஜெலட்டின் ஒவ்வோர் இழையையும் பூசிக்கொள்வதால் நாக்குக்கு ஈரமாகப் படுகிறது. முதுகுக்கறியில் கரைவதற்குப் போதிய சவ்வு இல்லை. அதனால் வறட்சி மட்டும் மிஞ்சுகிறது. நல்ல கறி என்று கூடுதல் விலை கொடுத்துத் தொடையின் சவ்வில்லாத துண்டுகளை வாங்கி ஸ்டூ செய்தால் தோற்பது இதனால்தான்.

இது ஊகம் இல்லை, அளந்து பார்த்தது. புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மாற்றுருவான ஹைட்ராக்சிபுரோலின் கொலாஜனில் நிறைய இருக்கிறது. தசை இழைப் புரதங்களில் கிடையாது. வெந்த கறியில் எவ்வளவு ஹைட்ராக்சிபுரோலின் மிச்சம், சாற்றில் எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் எவ்வளவு கொலாஜன் கரைந்தது என்று தெரிந்துவிடும். இறைச்சி ஆய்வுக்கூடங்களில் வழக்கமான சோதனை இது. வீட்டில் செய்து பார்க்க அதைவிட எளிய வழி உண்டு. ஸ்டூவின் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் கிண்ணத்தைச் சாய்த்தால் சாறு ஓடாது. அசைத்தால் மொத்தமாக நடுங்கும். மேலே வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருக்கும், அடியில் தேன் நிறத்தில் கூழ். பிரிந்த புரிகள் குளிரில் அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு, இடையில் தண்ணீரைச் சிறைப்பிடித்திருக்கின்றன. ஒரு துளியை விரலிடுக்கில் தேய்த்தால் உடல் சூட்டிலேயே உருகி ஒட்டும். ஆட்டுக்கால் பாயா குடித்ததும் உதடு ஒட்டுவது இதே பொருளால்தான்.

குக்கரில் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. தளதளவென்று கொதிக்கவிட்டாலும் மெதுவாகக் கொதிக்கவிட்டாலும் வெப்பநிலை அதேதான். தளதளவென்று கொதிப்பதால் கிழங்கு உடைவது மட்டுமே நடக்கும். மூடி இறுக்கி நீராவியை அடைத்தால் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறும், கொலாஜன் பல மடங்கு வேகமாகக் கரையும். இந்தக் கருவியைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் டெனி பாப்பானின் நோக்கமே கொலாஜன்தான், அந்தப் பெயர் அவருக்குத் தெரியாவிட்டாலும். எறிந்துவிடும் எலும்பை உணவாக்க வேண்டும் என்று 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தன் பானையைக் காட்டினார். 1682 ஏப்ரலில் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்த விருந்து கொடுத்ததையும், மிகக் கடினமான எலும்பும் பாலாடைக்கட்டி அளவுக்கு மென்மையாகியிருந்ததையும் ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

எலும்புச் சாற்றால் ஏழைகளின் பசியைத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தது. பாரிஸ் மருத்துவமனைகளில் ஜெலட்டின் சூப் கொடுத்தார்கள். பிரெஞ்சு அறிவியல் கழகம் அமைத்த குழு, உடலியலாளர் மஜாந்தியின் தலைமையில் நாய்களுக்கு ஜெலட்டினை மட்டும் கொடுத்துச் சோதித்து, அதைக் கொண்டு உயிர் வாழ முடியாது என்று 1841இல் அறிக்கை தந்தது. காரணம் பின்னாளில் தெரிந்தது: உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் ஜெலட்டினில் அறவே இல்லை. சாறு கொழகொழவென்று இருப்பதாலேயே அதில் சத்து இருக்கிறது என்று பொருள் இல்லை. ஐரிஷ் ஸ்டூ வயிற்றை நிரப்பும் உணவாக இருப்பதற்கு அதிலுள்ள தசையும், அதைவிட அதிகமாக உருளைக்கிழங்கும்தான் காரணம்.

அந்தக் கிழங்கு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அயர்லாந்து கண்டது. 1845இல் பைட்டாப்தொரா என்ற நோய்க்கிருமி வயல்களில் கிழங்கை அழுக வைத்தது. அதற்கு முன் உழைக்கும் ஆண் ஒருவர் நாளொன்றுக்கு நான்கைந்து கிலோ உருளைக்கிழங்கு சாப்பிட்டு வாழ்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் நோயிலும் இறந்தார்கள். இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். 1847இல் லண்டனின் புகழ்பெற்ற சமையற்காரர் அலெக்சிஸ் சோயர் டப்ளினில் கஞ்சித்தொட்டி திறந்தார். அவர் வெளியிட்ட ஒரு சூப்பின் அளவு, ஒன்பது லிட்டர் தண்ணீருக்கு 110 கிராம் மாட்டுக்கறி. இது உயிரைத் தாங்காது என்று அப்போதே மருத்துவர்கள் கண்டித்தார்கள். பஞ்சத்தோடு ஸ்கர்வி நோயும் வந்தது. ஈறுகளில் இரத்தம், கால்களில் கருமை, ஆறாத புண்கள். உருளைக்கிழங்கில் வைட்டமின் சி உண்டு. அது போனதும் நோய் வந்துவிட்டது. ஸ்கர்வியும் கொலாஜன் நோய்தான். புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்ற உடலுக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் முச்சுருள் உடல் சூட்டிலேயே பிரிந்துபோகும் அளவுக்குத் தளர்வாக இருக்கும். பானையில் நாம் வேண்டுமென்றே செய்வது, அவர்கள் உடலுக்குள் நடந்தது.

உருளைக்கிழங்கில் இரண்டு வகை இருக்கிறது என்பது ஸ்டூவுக்கு முக்கியம். ஒன்று வெந்ததும் மாவாக உதிரும். அதை மாவுக் கிழங்கு என்போம். இன்னொன்று எவ்வளவு வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். அது மெழுகுக் கிழங்கு. மாவுக் கிழங்கின் செல்களில் மாவுச்சத்து நெருக்கமாக இருக்கிறது. 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சிப் பெருக்கின்றன. அதே நேரத்தில் செல்களுக்கு நடுவே பசையாக இருக்கும் பெக்டின் கரைகிறது. பெருத்த செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. சில உடைந்து மாவுச்சத்தைச் சாற்றில் விடுகின்றன. ஸ்டூவின் சாறு கெட்டிப்படுவது இப்படித்தான்; கோதுமை மாவு தேவைப்படாததற்குக் காரணம் இது. மெழுகுக் கிழங்கில் மாவுச்சத்து குறைவு. செல்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும். நல்ல ஸ்டூவுக்கு இரண்டும் வேண்டும்: ஒன்று கரைய, ஒன்று கடிக்க.

கடையில் ரகத்தின் பெயர் தெரியாமல் வாங்கும் நமக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒரு பங்கு உப்புக்குப் பதினொரு பங்கு தண்ணீர் அளந்து கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள். மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தியானது. ஆகவே மாவுக் கிழங்கு மூழ்கும், மெழுகுக் கிழங்கு மிதக்கும். சிப்ஸ் தயாரிக்கும் ஆலைகளிலும் கிழங்கைக் காற்றில் ஒரு முறை, தண்ணீருக்குள் ஒரு முறை எடை போட்டு இதையே கணக்கிடுகிறார்கள்.

வீட்டில் செய்ய ஒரு கிலோ எலும்புள்ள கழுத்துக்கறி, ஒரு கிலோ உருளைக்கிழங்கு, அரை கிலோ வெங்காயம், ஒரு லிட்டர் தண்ணீர் போதும். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளாடு. தாராளமாக அதை வைத்தே செய்யலாம். கறியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றி, மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். உருளைக்கிழங்கில் அரை கிலோ மாவுக் கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து அப்போதே சேர்த்துவிடுங்கள்; அது கரைவதற்கு. வெங்காயத்தைப் பெரிய துண்டுகளாகப் போடுங்கள். நறுக்கி வேகவைத்த வெங்காயத்தில் உருவாகும் கந்தகச் சேர்மம் ஒன்றுக்கு இறைச்சிச் சாற்றின் மணமே இருக்கிறது; வறுக்காத இந்த ஸ்டூவுக்குக் கறிமணம் கூடுவதில் அதற்கும் பங்குண்டு. உப்பு, மிளகு, கிடைத்தால் ஒரு கொத்து தைம். மூடி, குமிழி ஒன்றிரண்டு மட்டும் எழும்பும்படி தீயைக் குறைத்து வையுங்கள். கறி கரண்டிக்கு இணங்கத் தொடங்கியதும் மெழுகுக் கிழங்குகளைச் சாற்றில் அமுக்காமல் மேலே அடுக்குங்கள். பாலிமலூ முறையும் இதுவே. சாற்றுக்கு மேல் நீராவியில் வேகும் கிழங்கு உடையாது. இன்னும் 40 நிமிடம். குக்கர்தான் வசதி என்றால் கறியை மட்டும் அதில் வேகவைத்து, கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் பிறகு சேருங்கள்.

முடிந்தால் முதல் நாள் மாலையே செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் உறைந்த கொழுப்பை வழித்தெடுப்பது சுலபம். ஆட்டு வாடை பெரும்பாலும் அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது. கறிக்கடையில் கழுத்து என்றே கேட்டு வாங்குங்கள். முக்கால் மணி நேரத்தில் கறி கல்லாக இருந்தால் பயப்படாமல் அடுப்பை எரியவிடுங்கள்.